வணிக நிறுவனங்களில் ஐபி கேமரா: கோளாறு பிறக்கும் இடங்கள்

கண்காணிப்புக் கேமரா என்று பொதுவாகச் சொல்லப்படும் கருவி இன்று இரண்டு வேறு குடும்பங்களைச் சேர்ந்தது. பழைய குடும்பத்தில் கேமரா வெறும் கண்ணாக மட்டுமே இருந்தது. அது கண்ட காட்சி கோஆக்சியல் கம்பி வழியாக மின்குறிப்பாக ஓடி, டிவிஆர் என்னும் பதிவுப் பெட்டியை அடைந்தது, கேமராவுக்கென்று முகவரியோ கடவுச்சொல்லோ கிடையாது. புதிய குடும்பமான ஐபி கேமராவோ தனக்குள் ஒரு சிறு கணினியையே வைத்திருக்கிறது. காட்சியைத் தானே சுருக்கி, வலையமைப்பில் தனக்கென ஒரு முகவரி பெற்று, என்விஆர் என்னும் வலைப் பதிவுப் பெட்டிக்கோ கணினிக்கோ கைபேசிக்கோ அதை அனுப்புகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்சிஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘நெட்ஐ 200’ இந்த வகையின் முதல் கேமராவாகக் கருதப்படுகிறது. அதன் பிறகான ஆண்டுகளில் விலை வீழ்ந்து, நகைக்கடை, துணிக்கடை, பின்னலாடை ஆலை, திருமண மண்டபம், மருந்துக் கிடங்கு என எல்லா இடங்களிலும் ஐபி கேமரா ஏறிவிட்டது. பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் கேமரா பொருத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2012இல் விதி வகுத்ததும், சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் வணிகர்களிடம் பரப்புரை செய்ததும் இந்தப் பரவலுக்கு வேகம் கொடுத்தன.

கருவி மாறிய அளவுக்கு அதைப் பொருத்தும் பழக்கம் மாறவில்லை என்பதுதான் இன்றைய கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர். ஐபி கேமரா அமைப்பில் மின்சாரம், கேபிள், வலையமைப்பு, பதிவு, ஒளியியல் ஆகிய ஐந்து வேலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. ஆனால் நடைமுறையில் மின்பணியாளர் ஒருவர் குழாய் போட்டு கேபிள் இழுக்க, கேமரா விற்றவர் அதை மாட்டிப் படம் வரவைக்க, அலுவலகக் கணினிகளைக் கவனிப்பவர் ரவுட்டரைத் தொட, ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பதில்லை. ஆகவே கோளாறு இவர்களுடைய வேலைகள் சந்திக்கும் மூட்டுகளில் பிறக்கிறது. கேமராவின் உள்ளே பிறப்பது அரிது. கேமராவைக் கழற்றிப் புதியதை மாட்டியும் அதே கோளாறு திரும்ப வருவதாக நிறுவனங்கள் புலம்புவதன் காரணமும் இதுவே. திரையில் படம் தெரிந்த கணத்தில் வேலை முடிந்ததாகக் கருதும் வழக்கம் இதனினும் கேடானது. ஏனெனில் கேமரா வாங்கப்படுவது பின்னொரு நாள் பதிவை எடுத்துப் பார்ப்பதற்காக.

மின்சாரத்திலிருந்து தொடங்குவது முறை. பெரும்பாலான ஐபி கேமராக்கள் பிஓஇ முறையில், அதாவது தரவு செல்லும் அதே கேபிளிலேயே மின்சாரத்தையும் பெறும் முறையில் இயங்குகின்றன. இதற்கான ஐஇஇஇ தரம் 802.3ஏஎஃப் 2003இல் வந்தது. அதன்படி, கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் என்னும் வலையமைப்புப் பெட்டியின் ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் வரை கொடுக்கலாம், கேபிளில் ஏற்படும் இழப்பு போகக் கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. 2009இல் வந்த 802.3ஏடி தரம் போர்ட்டின் அளவை 30 வாட்டாக உயர்த்தியது. வாங்குபவர்கள் போர்ட் ஒவ்வொன்றின் அளவை மட்டும் பார்த்துவிட்டு, ஸ்விட்ச் முழுவதற்குமான மொத்த மின்வரம்பைப் பார்க்காமல் விடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. 16 போர்ட் கொண்ட ஸ்விட்சின் மொத்த வரம்பு 120 வாட் என்று வைத்துக்கொண்டால், பகலில் கேமரா ஒன்றுக்கு 5 வாட் வீதம் 80 வாட் மட்டுமே செலவாகி எல்லாம் ஒழுங்காக ஓடும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்க, ஒவ்வொன்றும் 9 வாட் கேட்டால் மொத்தம் 144 வாட் ஆகிவிடும். அப்போது ஸ்விட்ச் முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளை, பெரும்பாலும் வரிசையின் கடைசியில் உள்ளவற்றை, துண்டித்துவிடுகிறது. துண்டித்ததும் சுமை குறைகிறது, குறைந்ததும் மீண்டும் மின்சாரம் தருகிறது, கேமரா விழித்து விளக்கை ஏற்றியதும் மறுபடி துண்டிக்கிறது. விடிய விடிய இந்தச் சுழற்சி நடந்து, காலையில் பழுது பார்க்க வருபவர் முன்னால் எல்லாக் கேமராவும் நல்ல பிள்ளையாக நிற்கும். பகலில் ஓடி இரவில் விழும் கேமரா என்ற புகார் வந்தால், முதலில் கூட்டிப் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கையே.

பிஓஇ இல்லாமல் 12 வோல்ட் அடாப்டரிலிருந்து தனிக்கம்பி இழுக்கும் இடங்களிலும் இதே இரவுக் கோளாறு வேறு வழியில் வருகிறது. அரை சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 30 மீட்டர் தொலைவுக்கு, போகவும் வரவுமாக 60 மீட்டர் ஓடும் மின்சாரம் ஏறத்தாழ 2 ஓம் தடையைச் சந்திக்கிறது, கேமரா 0.8 ஆம்பியர் இழுக்கும்போது 1.6 வோல்ட் வழியிலேயே கரைந்து, முனையில் 10.4 வோல்ட் அளவே மிஞ்சுகிறது. விளக்கு எரியும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து எழுவது இதனால்தான். பிஓஇ ஏறத்தாழ 48 வோல்ட்டில் இயங்குவதால் அதே வாட்டுக்குக் கால்பங்கு மின்னோட்டமே போதும், இழப்பும் அதற்கேற்பக் குறைகிறது.

கேபிளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் நிறுவனங்கள் பணத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து அதிகம் இழக்கும் இடம் இதுதான். சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கேபிள்கள் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசப்பட்டவை. வெளித்தோற்றத்தில் முழுச் செம்புக் கேபிளுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. உள் இழை ஒன்றை எடுத்து பிளேடால் சுரண்டினால், செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளி போல வெளுத்த அலுமினியம் தெரியும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளின் தடை முழுச் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம்; இழை எளிதில் முறியும்; பிஓஇ மின்சாரம் ஓடும்போது கட்டுக்கட்டாகச் சுற்றிய இடங்களில் சூடும் ஏறும். கேட்5ஈ, கேட்6 என்ற தரவகைகளுக்குள் இது வரவே வராது என்றாலும் உறையின் மேல் அந்தப் பெயர்களே அச்சாகி விற்கப்படுகின்றன. இருபது மீட்டரில் படம் தெரிந்து எண்பது மீட்டரில் தெரியாமல் போகும் கேமராவுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கேபிள்தான் இருக்கிறது.

நல்ல கேபிளானாலும் ஸ்விட்சிலிருந்து கேமரா வரை 100 மீட்டர்தான் எல்லை. ஆலை வளாகத்தின் மறுகோடிக்கு 150 மீட்டர் இழுத்துவிட்டு, ஸ்விட்சின் நீட்டிப்புப் பொத்தானைத் தட்டிப் படம் வரவைப்பது பரவலான வழக்கம். அந்தப் பொத்தான் இணைப்பின் வேகத்தை 10 மெகாபிட்டாகக் குறைத்துத்தான் தொலைவை நீட்டுகிறது என்பதை அறியாமல், பின்னர் கேமராவின் தெளிவைக் கூட்டும்போது படம் உடைகிறது. கட்டடம் விட்டுக் கட்டடம் செல்லும் தொலைவுக்கு ஒளியிழைக் கேபிளே தக்கது. அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இடி விழும் பருவத்தில் ஒரு கட்டடத்தில் பாயும் மின்னெழுச்சி மறு கட்டடத்து ஸ்விட்சையும் என்விஆரையும் சேர்த்துப் பொசுக்குவது தடுக்கப்படுகிறது.

கேபிளின் முனையில் நடக்கும் வேலையும் அதே அளவு கவனம் கேட்கிறது. எட்டு இழைகளை டி568பி வரிசைப்படி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி கிரிம்ப் செய்ய வேண்டும். இரு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் எந்த வரிசையும் சரி என்று நினைத்து மனம்போல அடுக்குபவர்கள், ஜோடி ஜோடியாக முறுக்கப்பட்ட இழைகளின் முறுக்கு எதற்காக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஜோடி பிரிந்தால் சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும், தரவோ பாதி வழியில் சிதையும். வெளிப்புறக் கேமராவில் இணைப்பு முனையைச் சுவரில் அப்படியே தொங்கவிட்டால், முதல் மழைக்காலம் முடிவதற்குள் முனைக்குள் ஈரம் ஏறி, செப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். கேமராவுடன் பெட்டியில் வரும் நீர்காப்பு உறையைத் தூக்கி எறியாமல் மாட்டி, முனையை ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரமும் கேபிளும் சரியாக இருந்தும் கேமரா தென்படவில்லை என்றால், முகவரியைப் பார்க்க வேண்டும். ஐபி முகவரி என்பது வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண். ஹிக்விஷன் கேமராக்கள் தொடக்கத்தில் 192.168.1.64 என்ற முகவரியையும், தாஹுவா கேமராக்கள் 192.168.1.108 என்ற முகவரியையும் கொண்டு வருகின்றன. ஆகவே ஒரே வகைக் கேமராக்கள் பத்தை ஒரே நேரத்தில் ஸ்விட்சில் செருகினால் பத்தும் ஒரே எண்ணுக்குச் சண்டையிடும், படம் மாறி மாறி வந்து மறையும். ஒவ்வொன்றாகச் செருகி முகவரியை மாற்றுவது, அல்லது உற்பத்தியாளர் தரும் தேடல் மென்பொருள் வழியாக மாற்றுவது இதற்குத் தீர்வு. அலுவலக வலை 192.168.0 என்று தொடங்க, கேமரா 192.168.1 என்று தொடங்கினால், இரண்டும் ஒரே ஸ்விட்சில் இருந்தும் ஒன்றையொன்று காணாது. கேமராவுக்குக் கையால் ஒரு முகவரி கொடுத்துவிட்டு, ரவுட்டர் தானாக முகவரி வழங்கும் எல்லைக்குள் அதே எண்ணையும் விட்டுவைத்தால், மாதக்கணக்கில் ஓடிய கேமரா புதிதாக வந்த ஒரு கைபேசியால் ஒருநாள் காணாமல் போகும். கேமராக்களுக்கென ஓர் எண்வரிசையை ஒதுக்கி, அதை ரவுட்டரின் வழங்கும் எல்லையிலிருந்து விலக்கி, எந்த எண் எந்த இடத்துக் கேமரா என்பதை ஒரு தாளில் எழுதி என்விஆரின் அருகில் ஒட்டிவைக்கும் நிறுவனங்களில் இந்தத் தொல்லை அறவே குறைகிறது.

முதுகில் பிஓஇ போர்ட்டுகள் கொண்ட என்விஆர் வகையில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. அத்தகைய பெட்டி தன் போர்ட்டுகளில் செருகப்பட்ட கேமராக்களுக்குத் தனியொரு உள்வலையை உண்டாக்கிக்கொள்கிறது. அலுவலகக் கணினியிலிருந்து அந்தக் கேமராக்களை நேரடியாக அழைத்தால் பதில் வராது. இது பெட்டியின் இயல்பே என்பது தெரியாமல் கேமராவையே மாற்றிய நிறுவனங்கள் உண்டு. ஒரு நிறுவனத்தின் கேமராவை மற்றொரு நிறுவனத்தின் என்விஆரில் சேர்க்க உதவும் ஓன்விஃப் என்ற பொதுமொழியிலும் இதுபோன்ற நுட்பம் இருக்கிறது. ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்றும் 2008இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டைப் பல கேமராக்கள் தொடக்கத்தில் அணைத்தே வைத்திருக்கின்றன. சிலவற்றில் அதற்கெனத் தனிப் பயனர் பெயரும் உருவாக்க வேண்டும். அதைச் செய்யாமல் சரியான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இட்டால், கேமரா அதைத் தாக்குதல் என்று கருதிச் சில நிமிடங்களுக்குக் கதவைப் பூட்டிக்கொள்ளும்.

பதிவு நாட்களைப் பற்றிய ஏமாற்றம் எல்லா வகை நிறுவனங்களிலும் காணப்படுகிறது. நொடிக்கு 4 மெகாபிட் அளவில் காட்சி அனுப்பும் ஒரு கேமரா, நாளொன்றின் 86,400 நொடிகளில் 43.2 ஜிபி இடத்தை நிரப்புகிறது. 16 கேமராக்கள் நாளுக்கு ஏறத்தாழ 691 ஜிபி நிரப்பும். 4 டிபி ஹார்டு டிஸ்க் ஆறு நாளைக்கே தாங்காது. முப்பது நாள் பதிவு வேண்டுமானால் 20 டிபிக்கு மேல் தேவை. எச்.265 என்னும் சுருக்கமுறை, அதற்கு முந்தைய எச்.264ஐவிடச் சாதகமான சூழலில் ஏறத்தாழ பாதி இடமே எடுக்கும். அசைவு இருக்கும்போது மட்டும் பதியும் ஏற்பாடும் இடத்தைச் சேமிக்கும். ஆனால் விற்பனைக் கூடம் போன்று நாள் முழுதும் ஆட்கள் நடமாடும் இடத்தில் அசைவுப் பதிவால் மிச்சம் சிறிதே. சரக்கு இருப்பைக் கணக்கெடுக்கும்போது பத்து நாளுக்கு முந்தைய திருட்டு தெரியவந்து, பெட்டியைத் திறந்தால் ஆறாம் நாளுக்கு அப்பால் எல்லாம் மேலெழுதப்பட்டிருப்பதைக் காணும் உரிமையாளரின் நிலை இந்தப் பெருக்கல் கணக்கை முதலிலேயே போடாததால் வருவது. மேசைக் கணினிக்கான சாதாரண டிஸ்க்கை என்விஆரில் போடுவதும் தவறு. இருபத்துநான்கு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென உருவாக்கப்பட்ட கண்காணிப்பு வகை டிஸ்க்குகள் தனியே இருக்கின்றன.

பதிவு இருந்தும் முகம் தெரியாவிட்டால் என்ன பயன் என்ற கேள்வி ஒளியியலைச் சேர்ந்தது. ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரம் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த அளவின்படி, யாரோ ஒருவர் நிற்கிறார் என்று கண்டுகொள்ள மீட்டருக்கு 25 புள்ளிகள் போதும். தெரிந்த ஆளை அடையாளம் காண 125 வேண்டும். அறியாத ஒருவரை ஐயமின்றி உறுதிசெய்ய 250 வேண்டும். இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 புள்ளி அகலம் கொண்டது. அதை 20 மீட்டர் அகல வாகன நிறுத்தத்தின் மேல் திருப்பினால் மீட்டருக்கு 96 புள்ளிகளே கிடைக்கும், அங்கே வந்தவர் யாரென்று எவராலும் சொல்ல முடியாது. அதே கேமராவை 4 மீட்டர் வாசலில் குவித்தால் 480 புள்ளிகள் கிடைக்கும். ஒரே கேமராவால் எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையைக் கைவிட்டு, எல்லாரும் கடந்தே தீரவேண்டிய வாசலில் முகத்துக்கென ஒரு கேமராவை முகமட்டத்துக்குச் சற்று மேலே வைப்பது, கூரையில் நான்கு கேமரா மாட்டுவதைவிட மேலானது.

வெளியிலிருந்து வெயில் பாயும் வாசலில் உள்ளே வருபவரின் முகம் கறுத்துப்போகும். வெளிச்ச வேறுபாட்டைச் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதியை இயக்கினால் முகம் துலங்கும். குழல்விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் உருண்டால், கேமரா 60 ஹெர்ட்ஸில் விடப்பட்டிருக்கிறது என்று பொருள்; இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அமைப்பை 50க்கு மாற்றினால் கோடுகள் மறையும். இரவில் படம் முழுதும் வெண்புகையாகத் தெரிவதற்கு, பெரும்பாலும் லென்சின் முன் சிலந்தி கட்டிய ஒற்றை இழை வலையே காரணம்: அகச்சிவப்பு ஒளியின் வெதுவெதுப்புக்கும் வெளிச்சத்துக்கும் பூச்சிகள் வர, பூச்சிகளுக்காகச் சிலந்தி வர, பகலில் கண்ணுக்கே தெரியாத அந்த இழை இரவில் விளக்கொளியை நேரே லென்சுக்குள் திருப்பி அனுப்புகிறது. நீண்ட கோலில் துணி சுற்றி மாதமொரு முறை துடைப்பதே இதற்கு எளிய மருந்து.

நேரம் தவறிய பதிவு, பதிவே இல்லாததற்குச் சமமாகிவிடுகிறது. நாளுக்கு இரண்டு நொடி பிசகும் கடிகாரம் ஓராண்டில் 12 நிமிடம் தள்ளிப்போகும். சீன நேர மண்டலத்துடன் வந்த கேமராவை அப்படியே விட்டால் காட்சியின் மேல் நேரம் இரண்டரை மணி கூடுதலாக அச்சாகும். கேமராவும் என்விஆரும் வேறு வேறு நேரம் காட்டினால், தேடும் நிமிடத்தில் பதிவு இல்லாதது போலவே தோன்றும். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபி என்ற முறையை இயக்கி, என்விஆரைக் கேமராக்கள் பின்பற்றும்படி அமைப்பதே தீர்வு. நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளை தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்க வேண்டும் என்று, இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவும் சொல்கிறது.

கைபேசியில் தொலைவிலிருந்து பார்க்கும் ஆசையில் பல நிறுவனங்கள் பாதுகாப்பையே திறந்துவிடுகின்றன. ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து வெளியுலகிலிருந்து நேரே என்விஆருக்கு வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் முறை, பல இணைய நிறுவனங்கள் ஒரே பொதுமுகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவதால் வேலை செய்யாமல் போகிறது; எவ்வளவு முயன்றும் வெளியிலிருந்து படம் வராததன் காரணம் பெரும்பாலும் இதுவே. வேலை செய்யும் இடத்திலோ அது ஆபத்து. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத அறுபதுக்கும் மேற்பட்ட தொடக்கக் கடவுச்சொல் ஜோடிகளை முயன்றே உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றி, அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற இணைய முகவரிச் சேவையைத் தாக்கி, ட்விட்டர் முதலிய தளங்களை முடக்கியது. தம் கடையின் கேமரா அந்தப் படையில் ஒரு சிப்பாயாக இருந்ததை உரிமையாளர்கள் அறியவே இல்லை, ஏனெனில் படம் வழக்கம்போலத் தெரிந்துகொண்டிருந்தது. விபிஎன் என்ற மறைவழி இணைப்பு வழியாக மட்டும் வெளியிலிருந்து நுழைவது, கேமராக்களை அலுவலகக் கணினிகளிலிருந்து தனிவலையாகப் பிரிப்பது, ஃபர்ம்வேர் என்னும் உள்மென்பொருளைப் புதுப்பிப்பது ஆகியவை குறைந்தபட்சக் காவல். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் கேமராக்கள் அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது நல்ல தொடக்கம்தான். ஏற்கெனவே சுவரில் இருக்கும் கேமராக்களை அது காக்காது.

பழுதைக் கண்டறியும் முறையில், ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற ஒழுக்கமே மிகுந்த பலன் தருகிறது. படம் வராத கேமராவைக் கழற்றி, ஸ்விட்சின் அருகிலேயே இரண்டு மீட்டர் நல்ல கேபிளில் செருகினால், ஐந்து நிமிடத்தில் குற்றவாளி கேமராவா வழியிலுள்ள கேபிளா என்பது தெரிந்துவிடும். அங்கே படம் வந்தால் கேமராவைக் குறைசொல்ல இடமில்லை. வராவிட்டால் போர்ட்டை மாற்றிப் பார்க்கலாம். மின்விளக்கு எரிகிறதா, முகவரிக்கு அழைத்தால் பதில் வருகிறதா, கணினியின் உலாவியில் கேமராவின் பக்கம் திறக்கிறதா, என்விஆரில் படம் வருகிறதா, நேற்றைய பதிவு ஓடுகிறதா என்று மின்சாரத்திலிருந்து பதிவு வரை காட்சி செல்லும் திசையிலேயே ஏறிச் செல்பவருக்குக் கோளாறு ஏதோ ஒரு படியில் தானே அகப்படும். எல்லாவற்றையும் ஒருசேர அணைத்துப் போட்டு, தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டு, முதலிலிருந்து தொடங்குபவர் கோளாறைத் தீர்த்தாலும் காரணத்தை அறியாமலே போய்விடுகிறார்.

நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் மேலும் ஒரு படி இருக்கிறது. மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இன்றியமையாதது என்று அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, அந்தச் சான்றிதழில் பதிவின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் கணித முத்திரையையும் கேட்கிறது. என்விஆரின் திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பும் பழக்கம் இந்தச் சோதனையில் நிற்காது. மூலப் பதிவைப் பெட்டியிலிருந்தே நகலெடுக்கத் தெரிந்த ஒருவராவது நிறுவனத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே கேமரா பொருத்தும் ஒப்பந்தத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், உரிமையாளர்கள் பொருத்தியவரை அருகில் அமர்த்தி, முந்தைய நாள் இரவு இரண்டு மணிக்குப் பின்வாசல் கேமராவில் பதிவான பத்து நிமிடத்தைத் தேடி எடுத்து, பென்டிரைவில் நகலெடுத்து, வேறொரு கணினியில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அதன்பின் அதே வேலையை மாதம் ஒருமுறை தம் ஊழியரைக் கொண்டு செய்துபார்க்க வேண்டும்.